மகளின் வயலினுக்குள் உருண்ட குச்சி: ஒரு வயலினை நானே செய்ய முடியுமா?

ஆரையம்பதி ஓடாவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் தளபாடம் செய்கிறவன் நான். அப்பாவும் ஓடாவிதான். அப்பப்பா தோணி கட்டியவர். மூத்த மகளுக்குப் பதினொரு வயது, இரண்டு வருடமாக வயலின் பழகுகிறாள். கொழும்பில் வாங்கிய முக்கால் அளவு வயலின் அவளிடம் இருக்கிறது.

போன மாரியில் ஒரு கிழமை விடாமல் மழை பெய்தது. ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், மேற்பலகை ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்து நிற்கிறது. எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. கதவுக்கும் அலுமாரிக்கும் பாவிக்கிற வெள்ளைப் பசையை விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். நன்றாகப் பிடித்தது. பிறகு கச்சான் என்கிற வறண்ட காற்று வீசத் தொடங்கி இரண்டு மாதத்தில், ஒட்டிய இடத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, மரத்தின் ஓட்டத்தோடு பலகை வெடித்துவிட்டது. ஒட்டின இடம் அப்படியே இருக்கிறது. மரம்தான் பிளந்திருக்கிறது.

வெடிப்பைப் பார்ப்பதற்காக நான்கு தந்திகளையும் கழற்றினேன். உள்ளே ஏதோ உருண்டது. பென்சில் மொத்தத்தில் ஒரு குச்சி. எங்கிருந்தோ உடைந்து விழுந்த துண்டு என்று நினைத்து, துளை வழியாக வெளியே எடுத்து மேசை இலாச்சியில் போட்டுவிட்டேன். தந்திகளைத் திரும்பவும் பூட்டிக் கொடுத்தேன். மகள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "சத்தம் வருது அப்பா, குரல் வரல்ல" என்றாள்.

அந்தச் சொல் ஒரு கிழமையாக மனதில் நிற்கிறது. இருபது வருடமாக மரத்தோடு இருக்கிறேன், உள்ளே ஒரு குச்சி என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு, அவளுக்கு ஒரு வயலினை என் கையால் செய்ய வேண்டும்.

பட்டறையில் நல்ல காய்ந்த பலாப் பலகை இருக்கிறது, மகோகனி இருக்கிறது, பழைய கருங்காலித் துண்டுகளும் கொஞ்சம் இருக்கின்றன. இவற்றில் செய்யலாமா? எந்தப் பசை? பலகை எவ்வளவு தடிப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடி வயலின் ரீச்சர் எழுதியது:

அண்ணா, இதை வாசித்ததும் முதலில் தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். இன்றைக்கே. அந்தக் குச்சி இல்லாமல் தந்தியை முழுச் சுருதிக்கு இழுத்து வைத்தால் தந்திகளைத் தாங்கி நிற்கிற குதிரையின் வலது காலுக்குக் கீழே பலகை அமுங்கத் தொடங்கும். குச்சியை எறிந்துவிடாதீர்கள். அதற்குப் பெயர் சவுண்ட் போஸ்ட். அது உடைந்த துண்டு இல்லை. ஒட்டாமல், இரண்டு பலகைகளுக்கும் இடையில் இறுக்கத்தால் மட்டும் நிற்கிற துண்டு. தந்தி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் விழக்கூடும். அதனால்தான் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தந்தியாக மாற்றச் சொல்லிக்கொடுக்கிறோம்.

நான் கல்லடியில் விபுலாநந்தர் இசை நடனக் கல்லூரி இருந்த வளாகத்தில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவள். வாசிக்கிற பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். மேற்கத்தியர் வயலினைத் தாடையில் பிடித்து வாசிக்கிறார்கள். நாங்கள் சம்மணமிட்டு இருந்து, கழுத்தின் நுனியில் இருக்கிற சுருளை வலது குதிக்கால் பக்கத்தில் ஊன்றி வாசிக்கிறோம். இடது கை பிடிப்பிலிருந்து விடுபட்டு மேலும் கீழும் வழுக்கிப் போகும். கமகம் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. ஆகவே கழுத்தின் பின்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும், அங்கே வார்னிஷ் பூசக்கூடாது. வியர்வையில் வார்னிஷ் ஒட்டிப் பிடிக்கும். சுருளின் அடியும் கூராக இருந்தால் அரை மணித்தியாலத்தில் கால் நொந்துவிடும்.

விரலுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்கிற பழக்கம் மகளுக்கு இருந்தால், வாய் திறந்த வயலினுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டு போகவே விடாதீர்கள். எண்ணெய் குடித்த பொருத்தில் பிறகு பசை பிடிக்காது.

மற்றதை நாவலடியான் அண்ணா சொல்வார். என் வயலின் அவர் கையில் மூன்று முறை திறந்து மூடியிருக்கிறது.

நாவலடியான் எழுதியது:

தம்பி, "ஒட்டின இடம் அப்படியே இருக்கிறது, மரம்தான் பிளந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அந்த இடத்திலேயே இருக்கிறது. வயலினில் இது மறுபக்கமாக நடக்க வேண்டும். பொருத்து விட வேண்டும், மரம் நிற்க வேண்டும்.

மரம் நீளப்பாட்டில் அசையாது, குறுக்கேதான் ஊதும், ஒடுங்கும் என்று ஓர் ஓடாவிக்கு நான் சொல்லத் தேவையில்லை. அலுமாரிக் கதவில் நடுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் ஒட்டாமல் சும்மா விடுகிறீர்கள்தானே, எதற்கு? மாரியில் ஊதவும் கச்சானில் ஒடுங்கவும் இடம் வேண்டும். வயலின் பலகைக்கு அந்த இடம் கிடையாது. சுற்றிவர ஒட்டியிருக்கிறது, தடிப்பும் 3 மி.மீ. அளவுதான். உங்கள் வெள்ளைப் பசை மாரியில் ஊதிய பலகையை ஊதிய அகலத்திலேயே பிடித்து வைத்துவிட்டது. கச்சானில் அது ஒடுங்கப் பார்த்தது. ஓரம் விடவில்லை. அப்போது நடுவில் கிழியாமல் வேறு வழி என்ன?

அதற்குத்தான் வச்சிரம். உங்கள் அப்பப்பா காலத்துப் பட்டறையில் வச்சிரச் சட்டி இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. காய்ந்தால் கல், சூடும் ஈரமும் பட்டால் இளகும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்த அந்திரேயா அமாத்தி ஒட்டியதும் இதனால்தான், இன்று நான் ஒட்டுவதும் இதனால்தான். கழுத்துக்கும் பின்பலகைக்கும் கெட்டியாகப் பூசுவோம். மேற்பலகைக்கு மட்டும் தண்ணீர் கூட்டி மெலிதாக்கிப் பூசுவோம், வேண்டுமென்றே. ஒரு நாள் அந்தப் பலகை கழன்று வர வேண்டும் என்பதை நினைத்துத்தான் மூடுகிறோம்.

இனிக் குச்சி. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போயிருக்கிறீர்களா? தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைப்போம். வெறும் காதுக்குக் கேட்காதது மரத்தின் வழியாக ஏறி வரும். சவுண்ட் போஸ்டின் பாதி வேலை அதுதான். மேற்பலகையின் அதிர்வை மரம் வழியாகப் பின்பலகைக்கு இறக்கும். மீதிப் பாதி இன்னும் அழகானது. அது குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால் நின்று அந்தக் காலை ஊன்றிப் பிடித்துக்கொள்கிறது. வலது கால் ஊன்றி நிற்பதால் இடது கால் மேலும் கீழும் தட்டுகிறது. இடது காலுக்குக் கீழே, பலகையின் உட்பக்கத்தில், பேஸ் பார் என்று ஒரு நீளச் சட்டம் ஒட்டியிருக்கும். அந்தத் தட்டலை அது பலகை முழுவதற்கும் கொண்டு போகும். குச்சியை எடுத்துவிட்டால் இரண்டு காலும் ஒன்றாக மிதிக்கும். பெட்டி முனகும், பேசாது. இத்தாலியர் அதை "அனிமா" என்கிறார்கள், உயிர் என்று பொருள். மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

நான் இந்த வேலையைப் பழகிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன், வச்சிரத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை என்று அப்போதுதான் விளங்கும். டச்பார் என்ற ஊரில் ஒரு பறங்கி அங்கிள் இருந்தார். பகலில் தச்சு வேலை, கலியாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின். அவருடைய அப்பாவிடமிருந்து வந்த ஜெர்மன் பிடில் அது. உள்ளே ஒட்டியிருந்த சீட்டில், கிரெமோனாவில் வயலின் செய்து உலகப் பெயர் எடுத்த ஸ்ட்ராடிவாரியின் பெயர் இருந்தது. (அந்தப் பெயர் அச்சடித்த சீட்டுகளைத் தொழிற்சாலை வயலின்களுக்குள் ஆயிரக்கணக்கில் ஒட்டி விற்றார்கள். சீட்டைப் பார்த்து யாரும் ஏமாறவும் வேண்டாம், ஏங்கவும் வேண்டாம்.) பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அவருடைய பட்டறையில் உளி தீட்டிக்கொடுப்பேன். அப்படித்தான் தொடங்கியது.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நாவலடியிலும் டச்பாரிலும் அன்று நடந்ததை இங்கே நான் எழுதப் போவதில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கிள் பூசைக்கு நகரத்துக்குப் போயிருந்ததால் தப்பினார். வீடு இல்லை. ஒன்பதாம் நாள், சாய்ந்து கிடந்த சுவருக்குக் கீழே மணலைத் தோண்டி வயலின் பெட்டியை எடுத்தோம். மூடியைத் திறந்தேன். மேற்பலகை தனியே கிடந்தது. பின்பலகை நடுப்பொருத்தில் கழன்று இரண்டு பாதி. ஆறு பக்கப் பட்டிகளும் வளைவு பாதி விட்டுப்போய் நீண்டு கிடந்தன. கழுத்து ஒரு மூலையில். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிள் ஒவ்வொன்றாக எடுத்து, மணலைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "எல்லாம் இருக்கு" என்றார். ஒரு துண்டிலும் வெடிப்பு இல்லை. உப்புத் தண்ணீர் பசையை மட்டும் கரைத்திருந்தது.

நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவினோம். பத்திரிகைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையும் செங்கல்லும் ஏற்றி, நிழலில் காய வைத்தோம். தாளை நாளுக்கு இரண்டு தரம் மாற்றுவேன். ஏழு மாதம். அதன் பிறகு பக்கப் பட்டிகளைச் சூடான குழாயில் திரும்பவும் வளைத்து, அங்கிள் சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். நான் மூடிய முதல் வயலின் அது. வெள்ளைப் பசையோ இரண்டு டியூப்பில் வருகிற எபொக்சியோ போட்டிருந்தால் அந்தச் சுவருக்குக் கீழே எங்களுக்குச் சிராய்தான் கிடைத்திருக்கும்.

அங்கிள் இப்போது இல்லை. வயலின் அவருடைய பேத்தியிடம் இருக்கிறது.

மரத்தைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

மிலானோ மட்டுநகரான் எழுதியது:

நான் மட்டக்களப்பு நகரத்தவன், இத்தாலிக்கு வந்து பதினெட்டு வருடம். மிலானோவிலிருந்து கிரெமோனாவுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே இருக்கிற வயலின் நூதனசாலைக்குப் போனேன். ஸ்ட்ராடிவாரி பாவித்த மர அச்சுகள், காகிதத்தில் வரைந்த வடிவங்கள், கருவிகள் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 1737இல் இறந்தவர், 90 வயதைத் தாண்டியும் வேலை செய்திருக்கிறார். அந்த அச்சுகளைப் பார்த்தால் நம்முடைய ஓடாவி வீட்டில் ஆணியில் தொங்குகிற வார்ப்புப் பலகைகள்தான் நினைவுக்கு வரும். துளை போட்டு, விளிம்பில் அழுக்கேறி, உழைத்த சாமானாக இருக்கின்றன.

ஊருக்குள் சந்துக்குச் சந்து பட்டறை. 1938இல் தொடங்கிய வயலின் செய்யும் பாடசாலை இன்றும் நடக்கிறது, வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். கிரெமோனாவின் இந்தக் கைவேலையை 2012இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு பட்டறை ஜன்னலில் நெடுநேரம் நின்றேன். உள்ளே இருந்தவர் ஒரு பழைய வயலினின் மேற்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெல்லிய, முனை மழுங்கிய கத்தி. உள்ளே விடுவார், நிற்பார், காது கொடுப்பார், "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், கத்தி ஒரு விரற்கடை நகரும். நாவலடியான் அண்ணா எழுதியதை வாசித்தபோது அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது.

ஆரையம்பதி ஓடாவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தந்திகளை அன்றிரவே தளர்த்திவிட்டேன். குச்சி மகளின் பென்சில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

அப்பாவிடம் வச்சிரச் சட்டியைப் பற்றிக் கேட்டேன். செம்புச் சட்டிக்குள் இன்னொரு சட்டி, நடுவில் தண்ணீர் என்று அப்படியே சொன்னார். அந்த மணத்தையும் சொன்னார். அம்மா அடுப்படிக்குள் விடமாட்டாவாம்.

அண்ணன், பலா சரிவருமா? வீணையைப் பலாவில்தானே செய்கிறார்கள். அல்லது மலைநாட்டில் நட்டிருக்கிற பைன் மரத்தை மேற்பலகைக்கு எடுத்தால் என்ன?

நாவலடியான் எழுதியது:

இரண்டையும் நான் செய்து பார்த்தவன், தம்பி.

பலாவில் ஒரு பின்பலகை செய்தேன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அது தாய்மரம், அதன் குணமே வேறு. குடைந்து எடுத்த குடத்தில் அது ரீங்கரிக்கும். வயலின் பின்பலகை நடுவில் 4.5 மி.மீ., ஓரங்களில் 2.5 மி.மீ. அளவுக்கு மெலிய வேண்டும். பலாவை அந்த அளவுக்கு இறக்கினால் எனக்குப் பயம் வந்தது, இறக்காமல் விட்டால் பாரம் கூடியது. முடிந்த வயலின் 520 கிராம். நல்ல வயலின் 400க்கும் 450க்கும் இடையில் நிற்கும். சத்தம் மோசமில்லை, ஆனால் வில் வைத்தவுடன் எழும்பாது. யோசித்துவிட்டுப் பேசுகிற ஆளைப் போல.

பைன் மேற்பலகை அதைவிட மோசம். இங்கே நட்டது பெரும்பாலும் கரீபியன் பைன். பாரம், பிசின், ஆண்டு வளையங்கள் அகலம். கச்சான் வெயிலில் வார்னிஷுக்குக் கீழிருந்து பிசின் முத்து முத்தாக வெளியே வந்தது.

மேற்பலகைக்கு ஸ்புரூஸ் தவிர வேறு வழியை நான் காணவில்லை. குளிர் நாட்டு மலையில் மெல்ல வளர்கிற மரம், வளையங்கள் நெருங்கி இருக்கும். கையில் எடுத்தால் பஞ்சு போல இருக்கும், ஆனால் நீளப்பாட்டில் வளைத்துப் பாருங்கள், வளையாது. நார் வழியாக ஒலி வினாடிக்கு 5,000 மீற்றருக்கும் மேல் ஓடும். பாரமில்லாமல் விறைப்பு, இந்த இரண்டும் ஒன்றாக வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து தருவியுங்கள். அறுத்த பலகையை வாங்காதீர்கள், மையத்திலிருந்து ஆப்பு வடிவில் பிளந்த துண்டைக் கேளுங்கள். பிளந்த மரத்தில் நார் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அறுபடாமல் ஓடும். அதைப் புத்தகம் விரித்ததுபோல் இரண்டாக்கி நடுவில் ஒட்ட வேண்டும்.

பின்பலகைக்கும் பக்கத்துக்கும் கழுத்துக்கும் மேப்பிள் நல்லது. கையில் காசு இல்லையென்றால் பின்பலகையில் உங்கள் மகோகனியைச் சோதித்துப் பாருங்கள், தடுக்கமாட்டேன். உள்ளே நான்கு மூலைகளிலும் மேல், கீழ் முனைகளிலுமாக ஆறு கட்டைகள் வரும், கிரெமோனாவில் வில்லோ மரத்தில் போடுவார்கள். நான் மலைவேம்பு போடுகிறேன், பாரமில்லை, உளிக்கும் இணங்கும். கருங்காலியில் மட்டும் நமக்கு யாரும் நிகரில்லை. விரல் ஓடும் பலகைக்கும் தந்தி முறுக்கும் பிருடைக்கும் உலகம் தேடுகிற மரம் இந்த நாட்டுக் கருங்காலி. புதிதாக வெட்ட நினைக்காதீர்கள், காவல் உள்ள மரம். உடைந்த பழைய கதிரைக் கால் ஒன்று போதும். நான் பிருடை கடைவது ஒல்லாந்தர் பாணிக் கதிரை ஒன்றின் கையிலிருந்துதான்.

அளவைப் பற்றி: மகளுக்கு இப்போது முக்கால் வயலின், உடல் 335 மி.மீ. அளவு இருக்கும். நீங்கள் முழு வயலின் செய்யுங்கள், உடல் 355 மி.மீ. நீங்கள் முடிப்பதற்குள் அவளுடைய கை அதற்கு வளர்ந்துவிடும். ஒரு கணக்கை மட்டும் தவறவிடாதீர்கள்: கழுத்தின் தலைப்பிலிருந்து உடல் விளிம்புவரை 130 மி.மீ., அந்த விளிம்பிலிருந்து குதிரை நிற்கும் கோடுவரை 195 மி.மீ. இரண்டுக்கு மூன்று. இது பிசகினால் வேறொரு வயலினை எடுக்கும்போது பிள்ளையின் விரல் சுரம் தேடும்.

அச்சைச் சுற்றிப் பக்கத்தைக் கட்டுவதில் உங்களுக்குக் கஷ்டமே இராது. 1 மி.மீ. பட்டியை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைப்பது. தோணிப் பலகையை நெருப்பில் வாட்டி வளைத்தவரின் பேரனுக்கு நான் அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. சுருள் செதுக்குவதும் அப்படித்தான், நாலு நாளில் பழகிவிடுவீர்கள். சனம் அதைத்தான் பார்த்து வியக்கும். சத்தத்துக்கு அதனால் ஒன்றுமில்லை.

இருந்து வேலை செய்ய வேண்டிய இடம் பலகையின் உட்பக்கம். வெளி வளைவை 15 மி.மீ. உயரத்துக்குச் செதுக்கி முடித்த பிறகு, உள்ளே குடைந்து குடைந்து 3 மி.மீ.க்கு வர வேண்டும். 5 வரை உளி, பிறகு விரல் அளவுச் சீவுளி, கடைசியில் தகட்டால் சுரண்டல். 4 மி.மீ.க்குக் கீழே வந்ததும் அவசரத்தை வெளியே கழற்றி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டிக் கேளுங்கள். முதலில் பலகையைத் தட்டுகிற சத்தம்தான் வரும். ஒரு கட்டத்தில் சத்தத்துக்கு வால் முளைக்கும், தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். கையால் மெல்ல முறுக்கினால் விட்டுக்கொடுத்துத் திரும்பும். அளவுகோலும் கையும் ஒத்துப்போகிற அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். என் இரண்டாவது வயலினில் நான் நிறுத்தவில்லை. இன்னும் இனிமை வரும் என்று சுரண்டினேன். முதல் மாதம் தேன், ஆறாம் மாதம் குதிரைக்குக் கீழே பள்ளம். நான்கு தந்திகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கும் என்பதை மறந்துவிட்டேன்.

ஓரத்தில் ஓடுகிற கறுப்புக் கோட்டை வரைந்துவிட்டு விடாதீர்கள், மலிவான வயலின்களில் அப்படித்தான் இருக்கும். அது அலங்காரமில்லை. விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே காடி வெட்டி, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று மெல்லிய பட்டிகளைப் பதிப்பது. விளிம்பில் அடிபட்டு வெடிப்பு தொடங்கினால் அந்தக் காடியோடு நிற்கும்.

வச்சிரம்: இரவில் பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், காலையில் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து 60 பாகைக்கு ஏற்றுங்கள். கொதிக்க விட்டால் பலம் போய்விடும். குளிர் நாடுகளில் பூசிக் கை எடுப்பதற்குள் உறைந்துவிடும் என்று மரத்தையே சூடாக்கிக்கொண்டு ஒட்டுவார்கள். நமக்கு அந்த அவதி இல்லை, மட்டக்களப்பு வெக்கையில் ஆறுதலாகப் பொருத்தலாம். ஆனால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள். மாரியில் பெட்டியை மூடாதீர்கள். கடுங்கச்சானிலும் மூடாதீர்கள். மாசி, பங்குனியில் மரம் நடு நிலையில் இருக்கும், அப்போது மூடுங்கள்.

முதலில் மகளின் பழைய வயலினைத் திறந்து பழகுங்கள். உங்கள் வெள்ளைப் பசையை ஓரத்திலிருந்து முழுதாகத் துடைத்து எடுக்க வேண்டும், அது மிஞ்சிய இடத்தில் வச்சிரம் பிடிக்காது. வெடிப்பை ஒட்டி, உள்ளே ஸ்புரூஸ் துண்டுகளைச் சிறிய பொட்டு அளவில் குறுக்கே வைத்துக் காவல் கொடுங்கள். குச்சியை நிறுத்த நான் ஒருநாள் வருகிறேன். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, துளை வழியாகக் காட்டித்தான் தர வேண்டும்.

மிலானோத் தம்பி பார்த்த அந்தக் காட்சிதான் முழுக் கதையும். ஸ்ட்ராடிவாரி செய்த காலத்தில் கழுத்தின் சாய்வு வேறு, பேஸ் பார் சிறிது. இன்று மேடையில் ஒலிக்கிற அவருடைய வயலின்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் கழுத்தும் பேஸ் பாரும் மாற்றியிருக்கிறார்கள். பழைய சுருளைப் புதுக் கழுத்தில் ஒட்டுப்போட்டிருப்பார்கள். முந்நூறு வருடத்தில் எத்தனை பேர் கத்தி விட்டுத் திறந்திருப்பார்கள்! திறக்க வந்ததால்தான் அவை இன்னும் இருக்கின்றன.

கல்லடி வயலின் ரீச்சர் எழுதியது:

செய்து முடித்ததும் தந்திகளை நேரே மேற்கத்தியச் சுருதிக்கு இழுத்துப் பார்க்காதீர்கள் அண்ணா. மகளின் ச-ப-ச-ப சுருதியில், ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதல் வாசிப்புக்கு என்னையும் கூப்பிடுங்கள்.

ஆரையம்பதி ஓடாவி எழுதியது:

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இந்தப் பக்கத்துக்கு இப்போதுதான் திரும்பி வருகிறேன்.

பழைய வயலினைத் திறக்க எனக்கு ஆறு நாள் எடுத்தது. வெள்ளைப் பசை விட்ட விரல் நீளத்துக்கு மட்டும் நான்கு நாள், மீதிச் சுற்று முழுவதும் இரண்டு நாள். நாவலடியான் அண்ணன் ஒரு ஞாயிறு வந்து குச்சியை நிறுத்திக் காட்டினார். வளைந்த கம்பி ஒன்று, ஒரு சிறிய கண்ணாடி. அரை மி.மீ. தள்ளுவார், மகளை இழுக்கச் சொல்வார், கண்ணை மூடிக் கேட்பார். அன்று நாங்கள் பகல் சாப்பிட மறந்துவிட்டோம்.

ஸ்புரூஸும் மேப்பிளும் வந்து சேர இரண்டரை மாதம். புது வயலினை மாசி கடைசியில் மூடினேன். வார்னிஷ் பூசி, காலை வெயிலில் மட்டும் கயிற்றில் தொங்கவிட்டேன், கடற்கரைப் பக்கத்துத் தூசு படாமல் மூன்று பக்கமும் வேட்டி கட்டி. பாரம் 448 கிராம். கழுத்து கொஞ்சம் தடிப்பு என்று ரீச்சர் சொன்னா, இரண்டு முறை இறக்கினேன். மகள் பாடசாலை விழாவில் அதில் வாசித்தாள். எப்படி இருந்தது என்று நான் சொல்லக்கூடாது, ரீச்சரிடம் கேளுங்கள்.

இன்று எழுத வந்தது வேறு ஒன்றுக்காக. மாரி தொடங்கி பன்னிரண்டு நாள். காலையில் மகள் பெட்டியைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். புது வயலினின் மேற்பலகை, கீழ்ப்பக்க வளைவில், பெருவிரல் நீளத்துக்கு வாய் திறந்திருக்கிறது. ஜன்னலடிக்குக் கொண்டுபோய் டோர்ச் அடித்துச் சுற்றிவரப் பார்த்தேன். மரத்தில் ஒரு கீறல் இல்லை.

வச்சிரத்தை ஊறப் போட்டிருக்கிறேன். வெயில் எறிக்கட்டும்.